புது கார் வாங்கியாச்சா? பெயிண்ட் பளபளப்பைக் காப்பாற்ற ஒரு வழிகாட்டி

கழுவி வெயிலில் நிறுத்தினால் எந்தக் காரும் தூரத்திலிருந்து பளபளவென்றுதான் தெரியும். ராத்திரி இருட்டின பிறகு செல்போன் டார்ச்சை பானெட்டுக்கு ஒரு அடி மேலே பிடித்துப் பாருங்கள். வாங்கி ஒரு வருடம்கூட ஆகாத வண்டியிலும், வெளிச்சத்தைச் சுற்றிச் சிலந்தி வலை மாதிரி மெல்லிய கோடுகள் வட்டவட்டமாக ஓடும். கறுப்பு, அடர்நீல வண்டி என்றால் டார்ச்கூட வேண்டாம், பெட்ரோல் பங்க் விளக்கடியிலேயே தெரிந்துவிடும். இந்தக் கோடுகள் வெயிலாலோ மழையாலோ வந்தவை இல்லை. துடைத்துத் துடைத்து வந்தவை.

எதனால் என்று புரிய, பெயிண்ட் எப்படி இருக்கிறது என்று கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள். தகட்டின் மேல் துருப்பிடிக்காமல் இருக்க ஒரு பூச்சு, அதற்கு மேல் பிரைமர், அதற்கு மேல் கலர், எல்லாவற்றுக்கும் மேலே நிறமே இல்லாத கிளியர் கோட். இத்தனையும் சேர்த்தே பெரும்பாலான கார்களில் 100 முதல் 150 மைக்ரான்தான் வரும், அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஆறில் ஒரு பங்குகூடத் தேறாது. இதில் கிளியர் கோட் மட்டும் 40 மைக்ரான் அளவு, தலைமுடியை விட மெல்லியது. நாம் பளபளப்பு என்று சொல்வது இந்த மெல்லிய படலம் வழவழப்பாக இருப்பதைத்தான். வெயிலின் புற ஊதாக் கதிரைத் தாங்கிக் கலரைக் காப்பாற்றுவதும் அதேதான். அது கம்பெனியில் ஒரு தடவை அடித்து அனுப்பியதோடு சரி, கடையில் விற்கும் எந்த மெழுகும் அதைத் திரும்ப வளர்த்துக் கொடுக்காது.

ஆகவே என்ன வாங்கலாம் என்று யோசிப்பதற்கு முன்னால், சில பழக்கங்களை நிறுத்துங்கள்.

முதலில் காலைத் துடைப்பை நிறுத்துங்கள்

அபார்ட்மெண்டில் மாதம் இவ்வளவு என்று பேசி விட்டு, தினமும் விடிகாலையில் ஒருவர் வந்து வண்டியைத் துடைத்துவிட்டுப் போவார். ஒரு வாளித் தண்ணீர், ஒரு துணி, பத்துப் பன்னிரண்டு கார். முதல் இரண்டு வண்டிக்குப் பிறகு அந்தத் தண்ணீரின் நிறத்தைப் பார்த்தாலே தெரியும். ராத்திரி படிந்த தூசியில் மணல் இருக்கிறது, மணல் கிளியர் கோட்டை விடக் கடினமானது, அதை ஈரத்துணியால் வட்டமாகத் தேய்த்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. அவரைக் குறை சொல்ல எதுவும் இல்லை. ஒரு மணி நேரத்தில் இத்தனை வண்டி முடிக்க வேண்டும், நாம் கொடுக்கிற காசுக்கு அவ்வளவுதான் முடியும். அதே காசைக் கொடுங்கள், கண்ணாடியும் சக்கரமும் மட்டும் துடைத்தால் போதும், பெயிண்டைத் தொட வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அவருக்கும் வேலை மிச்சம். தூசியோடு இருக்கிற கார் அசிங்கமாகத் தெரியும், உண்மைதான், ஆனால் சும்மா படிந்திருக்கும் தூசி எதையும் கீறாது. அதில் பிள்ளைகள் விரலால் பெயர் எழுதினால்தான் கீறும், கழுவின பிறகும் அந்த எழுத்து வெயிலில் லேசாகத் தெரியும்.

கோழி இறகு டஸ்டர், மெழுகு தடவிய நூல் டஸ்டர், பழைய பனியன், ஷாமி துணி எதுவானாலும் காய்ந்த வண்டிமேல் வேண்டாம். சர்வீஸ் விடும்போதும், ஷோரூமில் புது வண்டி எடுக்கும்போதும், 'பாலிஷ் போடாதீர்கள், உலர்துணியால் துடைக்காதீர்கள்' என்று ஜாப் கார்டிலேயே எழுதச் சொல்லுங்கள். வாயால் சொன்னது வாஷிங் பேவுக்குப் போய்ச் சேராது.

தண்ணீர்

இதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை, நம் ஊரில் பாதிப் பிரச்சினை இதுதான். போர்த் தண்ணீரில் கால்சியம், மக்னீசியம் உப்புகள் நிறைய. வண்டிமேல் விழுந்த சொட்டு வெயிலில் காயும்போது தண்ணீர் போய்விடும், உப்பு மட்டும் வெள்ளை வளையமாக நின்றுவிடும். புதிதாக இருந்தால் துடைத்தால் போகும். விட்டுவிட்டால் மறுபடி மறுபடி வெயில் பட்டு பெயிண்டில் ஊன்றிக்கொள்ளும், அப்புறம் தேய்த்து எடுக்க வேண்டியதுதான். குழாய் வாயிலும் பாத்ரூம் ஓட்டிலும் வெள்ளையாகப் படிகிறதா? அப்படியானால் உங்கள் வண்டியிலும் படியும்.

ஆர்ஓ மெஷினிலிருந்து வெளியேறும் கழிவுத் தண்ணீரை வீணாக்க மனமில்லாமல் கார் கழுவப் பிடித்து வைப்பவர்கள் உண்டு. நல்ல எண்ணம்தான், ஆனால் குடிக்கிற தண்ணீரிலிருந்து எடுத்த உப்பெல்லாம் சேர்ந்திருப்பது அதில்தான். அதை வீட்டு வாசல் கழுவ வைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பதிலாக வீட்டு ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பிடியுங்கள். காற்றில் இருக்கும் ஈரம் குளிர்ந்து வடிவது அது, உப்பு ஏறக்குறைய இல்லை. சென்னைப் புழுக்கத்தில் ஒரு ராத்திரி ஓடினால் அரை வாளியாவது தேறும். துணியில் வடிகட்டி, கழுவி முடித்த பிறகு கடைசியாக ஊற்ற அதை வைத்துக்கொண்டால் வெள்ளைப் புள்ளித் தொல்லை பெருமளவு குறையும். கழுவ முழுக்கப் போர்த் தண்ணீர் போதும், கடைசி வாளி மட்டும் நல்லதாக இருந்தால் சரி.

ஏற்கெனவே புள்ளி இருந்தால், வெள்ளை வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து, வண்டி குளிர்ந்திருக்கும்போது துணியில் நனைத்து ஒரு நிமிடம் வைத்து எடுத்து, உடனே ஷாம்பு போட்டுக் கழுவிவிடுங்கள்.

கழுவும் முறை

வாங்க வேண்டியது: இரண்டு வாளி, கார் ஷாம்பு ஒரு பாட்டில், மைக்ரோஃபைபர் கையுறை ஒன்று, துடைக்கப் பெரிய தடித்த மைக்ரோஃபைபர் டவல் ஒன்று, சக்கரத்துக்குத் தனியாக ஒரு பழைய துணி. டவல் வாங்கும்போது ஜிஎஸ்எம் எண்ணை, அதாவது ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்பதைப் பாருங்கள், 800க்கு மேல் இருந்தால் தண்ணீரை நன்றாக உறிஞ்சும். சென்னைக்காரர்கள் ஜி.பி. ரோட்டில் ஒரு நடை நடந்தால் எல்லாம் கிடைக்கும், ஆன்லைனிலும் கிடைக்கிறது. 3எம், டர்ட்டில் வாக்ஸ், வேவெக்ஸ் என்று எந்த ஷாம்பு எடுத்தாலும் சரி, 'பிஎச் நியூட்ரல்' (அமிலமும் இல்லை, காரமும் இல்லை) என்று போட்டிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். பாத்திரம் தேய்க்கும் திரவம் எண்ணெயை எடுக்கிற வேகத்தில் வண்டிமேல் இருக்கும் மெழுகையும் எடுத்துவிடும். பாத்திர சோப்புக் கட்டியில் தேய்க்கும் தூளே கலந்திருக்கிறது, அதைப் பக்கத்தில்கூட வைக்காதீர்கள்.

காலை எட்டு மணிக்கு முன்னால் அல்லது சாயந்திரம், நிழலில். புறங்கையை பானெட்டில் வைத்துப் பாருங்கள், சுட்டால் காத்திருங்கள்.

முதலில் சக்கரங்களை முடித்துவிடுங்கள். பிரேக் பேடிலிருந்து வரும் இரும்புத் தூள் அங்கேதான் இருக்கும், அந்தத் துணி வண்டியின் வேறு எந்த இடத்தையும் தொடக் கூடாது. அப்புறம் ஹோஸ் வைத்து மேலிருந்து கீழாகத் தண்ணீர் அடியுங்கள். இது பேருக்குச் செய்கிற வேலை இல்லை. கை படாமல் போகக்கூடிய மண் எல்லாம் இந்தக் கட்டத்திலேயே போய்விட வேண்டும், அதனால் ஐந்து நிமிடம் ஆனாலும் ஆகட்டும்.

இனி ஒரு வாளியில் ஷாம்புத் தண்ணீர், இன்னொன்றில் வெறும் தண்ணீர். கையுறையை ஷாம்புவில் முக்கி, கூரை முதலில், பிறகு பானெட், கதவுகளின் மேல்பாதி, டிக்கி, கடைசியாகக் கதவின் கீழ்ப்பகுதியும் பம்பரும். நேர்கோட்டில், அழுத்தாமல் இழுங்கள், கையுறையின் எடையே போதும். ஒரு பேனல் முடிந்ததும் கையுறையை வெறும் தண்ணீரில் அலசிப் பிழிந்துவிட்டுத்தான் திரும்ப ஷாம்புவில் விட வேண்டும். முடித்த பிறகு அந்த இரண்டாவது வாளியின் அடியில் கையை விட்டுப் பாருங்கள், நறநறவென்று மணல் அகப்படும். ஒரே வாளியாக இருந்திருந்தால் அது அத்தனையும் திரும்ப பெயிண்ட் மேல் ஏறியிருக்கும். கீழ்ப்பாதியைத் தொட்ட கையுறை தரையில் விழுந்தால் அன்றைக்கு அதற்கு ஓய்வு கொடுத்துவிடுங்கள், உதறிவிட்டு எடுக்காதீர்கள்.

நுரை காய்வதற்குள் அலசுங்கள். கடைசியில் ஹோஸின் நாசிலைக் கழற்றிவிட்டு, தண்ணீரைக் கூரையின் மேல் சும்மா வழியவிட்டால் அது படலமாக இறங்கிப்போகும், சொட்டு குறைவாக நிற்கும். டவலை விரித்துப் போட்டு, ஒற்றி எடுங்கள், அல்லது மெல்ல ஒரே திசையில் இழுங்கள். கதவு, டிக்கி, பெட்ரோல் மூடி எல்லாவற்றையும் திறந்து ஓரங்களைத் துடைத்துவிடுங்கள். பக்கக் கண்ணாடிக்குள் தேங்கிய தண்ணீர் அரை மணி நேரம் கழித்துக்கூட கதவில் வழிந்து கோடு போடும், அதற்கென்று ஒரு சின்னத் துணியைத் தோளில் போட்டுக்கொள்ளுங்கள்.

மைக்ரோஃபைபரை வீட்டுத் துணியோடு சேர்த்துத் துவைக்காதீர்கள், பஞ்சு ஒட்டிக்கொள்ளும். கம்ஃபர்ட் மாதிரி மென்மையாக்கும் திரவம் போட்டால் தண்ணீரை உறிஞ்சுகிற குணம் போய்விடும்.

ஹோஸ் கிடையாது, தண்ணீரும் கிடையாது என்றால்

2024 மார்ச்சில் பெங்களூருவில் குடிநீரில் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று அறிவித்தார்கள். சென்னை அபார்ட்மெண்ட்களிலும் பார்க்கிங்கில் ஹோஸ் போட விடுவதில்லை பல இடங்களில். இதற்கென்றே 'ரின்ஸ்லெஸ் வாஷ்' என்று ஒரு திரவம் வருகிறது. ஒரு வாளித் தண்ணீரில் பாட்டிலில் சொன்ன அளவு கலக்க வேண்டும், அலசத் தேவையில்லை. செடிக்கு மருந்தடிக்கும் இரண்டு லிட்டர் ஸ்ப்ரேயரில் கொஞ்சம் ஊற்றி, ஒரு பேனலை நன்றாக நனைத்து இரண்டு நிமிடம் ஊறவிடுங்கள். அப்புறம் வாளியில் ஊறிய மைக்ரோஃபைபர் துணியை நான்காக மடித்து ஒரு இழுப்பு. மடிப்பைத் திருப்பி அடுத்த இழுப்பு. எல்லாப் பக்கமும் அழுக்கானதும் அந்தத் துணியைத் தனியே போட்டுவிட்டு அடுத்தது, திரும்ப வாளியில் முக்கக் கூடாது. அதனால் ஏழெட்டுத் துணி வேண்டும். சேறு அப்பிய வண்டிக்கு இது ஒத்துவராது. மழையில் மண் ரோட்டில் போய் வந்திருந்தால் வெளியே வாட்டர் வாஷ் கடையில் தண்ணீர் மட்டும் அடித்து வாங்கி வந்துவிடுங்கள். அங்கே டீசல் அல்லது மண்ணெண்ணெய் கலந்து மேலே அடித்துத் தருவார்கள், 'கண்ணாடி மாதிரி இருக்கும் சார்' என்பார்கள். ஒரு நாள் இருக்கும். மறுநாள் ஊரில் உள்ள தூசியெல்லாம் அதில் ஒட்டும், ரப்பர் பீடிங்கும் கெட்டுப்போகும். வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். தேங்காய் எண்ணெய் தடவுகிற வைத்தியமும் இதே கதைதான்.

இதெல்லாம் வந்தால் ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருக்காதீர்கள்

காக்கா, புறா எச்சத்தில் யூரிக் அமிலம் உண்டு. வெயிலில் கிளியர் கோட் சூட்டில் இளகி விரிகிறது, ராத்திரி குளிர்ந்து இறுகும்போது எச்சத்தின் அடியில் அதன் வடிவத்திலேயே குழி விழுந்துவிடும். ஏப்ரல் மே மாதத்தில் இதற்கு ஒரு பகல் போதும். காய்ந்த எச்சத்தைச் சுரண்டவே கூடாது, அதில் விதையும் மண்ணும் இருக்கும். டிஷ்யூ பேப்பரை நனைத்து அதன் மேல் போட்டு, பத்து நிமிடம் கழித்து அப்படியே கிள்ளி எடுத்தால் வந்துவிடும். காரில் ஒரு தண்ணீர் பாட்டிலும் ஒரு டிஷ்யூ பாக்கெட்டும் இருந்தால் வேலை முடிந்தது.

நாவல் மரம், வேப்ப மரம், தூங்குமூஞ்சி மரம் நிழல் நன்றாகத்தான் இருக்கும். நாவல்பழச் சாறு வெள்ளைக் காரில் ஊதாக் கறையாக இறங்கும், வேப்பம்பிசின் கட்டியாகும், தூங்குமூஞ்சியில் இருக்கும் பூச்சிகள் பிசுபிசுவென்று எதையோ வடித்துக்கொண்டே இருக்கும். வெயிலா மரமா என்று கேட்டால், தினமும் எட்டு மணி நேரம் ஆபீஸ் வாசலில் நிற்கும் வண்டிக்கு நான் வெயிலைத்தான் சொல்வேன், மெழுகு போட்டிருக்கும் பட்சத்தில்.

புது ரோட்டில் ஓட்டி வந்தால் சக்கரத்துக்குப் பின்னால் தார்ப் புள்ளிகள் ஒட்டும். டபிள்யூடி-40 அல்லது கொஞ்சம் மண்ணெண்ணெய் துணியில் நனைத்து ஒற்றினால் கரையும், உடனே ஷாம்பு போட்டுக் கழுவ வேண்டும். மண்ணெண்ணெய்க்கு வண்டியில் இருக்கும் ஒரே வேலை இதுதான். ராத்திரி ஹைவேயில் முன்பம்பரில் அடிபட்ட பூச்சிகளுக்கு ஈரத் துணி போட்டு ஊறவைத்தால் போதும்.

ஆயுத பூஜை வருகிறது என்றால் பானெட்டில் சந்தனக் குங்குமம் வைக்காமல் இருக்க முடியாது, வீட்டில் விட மாட்டார்கள். கண்ணாடியிலும் நம்பர் பிளேட்டிலும் வைத்துவிடுங்கள், பெயிண்டில் வைத்தால் அன்று சாயந்திரமே கழுவிவிடுங்கள். கடைக் குங்குமத்தில் சாயம் கலந்திருக்கும், வெள்ளை வண்டியில் ரோஸ் வட்டம் நின்றுவிடும். மஞ்சள் கறை மட்டும் பயப்பட வேண்டாம், வெயில் பட்டால் தானாக வெளுத்துவிடும். உண்மையான வில்லன் பூமாலை. அதில் இருக்கும் கம்பியும் நாரும் அறுபது கிலோமீட்டர் வேகத்தில் பானெட்டில் அடித்துக்கொண்டே வரும், கோயில் வாசலில் படம் எடுத்ததும் கழற்றி உள்ளே வைத்துவிடுங்கள்.

பாலிஷ், மெழுகு, கோட்டிங்

கழுவிக் காய்ந்த பிறகு கையை ஒரு மெல்லிய பிளாஸ்டிக் கவருக்குள் விட்டு பானெட்டைத் தடவுங்கள். சொரசொரவென்று இருந்தால் இரும்புத் தூளும் பிசினும் ஒட்டியிருக்கிறது என்று அர்த்தம். அதற்கு கிளே பார் என்று களிமண் மாதிரி ஒன்று வரும், ஷாம்புத் தண்ணீர் தெளித்து வழுக்கவிட்டு லேசாகத் தேய்த்தால் எல்லாவற்றையும் இழுத்துக்கொள்ளும். வருடத்துக்கு ஒரு முறை, இரண்டு முறை போதும்.

ரப்பிங் என்றும் பாலிஷ் என்றும் ஷெட்டில் சொல்வது வேறு. அது கீறலை நிரப்புவது இல்லை, கீறலின் ஆழத்துக்குச் சுற்றியுள்ள கிளியர் கோட்டையே தேய்த்து எடுப்பது. இருப்பதே 40 மைக்ரான் என்று மேலே பார்த்தோம். நல்ல ஆள் கையில் நான்கைந்து வருடத்துக்கு ஒரு தடவை செய்தால் வண்டி புதிதாகிவிடும், ஒவ்வொரு சர்வீஸுக்கும் செய்தால் சீக்கிரமே கூரையில் கிளியர் கோட் வெள்ளை வெள்ளையாக உரியும். பழைய கால் டாக்சிகளில் பார்த்திருப்பீர்கள். உரிந்த பிறகு அந்த பேனலைத் திரும்ப பெயிண்ட் அடிப்பதைத் தவிர வழி கிடையாது, எந்த பாலிஷும் வேலை செய்யாது. செய்யக் கொடுக்கும்போது தடிமன் அளக்கும் கருவி இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லை என்றால் வேறு கடை.

மெழுகுதான் வீட்டில் நாமே செய்யக்கூடியது. கார்னௌபா என்பது பிரேசிலில் வளரும் ஒரு பனையின் இலையிலிருந்து எடுப்பது, நம் வெயிலுக்கு ஒன்றிரண்டு மாதம் தாங்கும். மெழுகுக்குப் பதிலாகப் போடும் செயற்கை சீலண்ட் நான்கு மாதம், ஆறு மாதம். பளபளப்பில் பெரிய வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது, என்னைக் கேட்டால் சீலண்டே வாங்குங்கள். போடும் முறை ஒன்றுதான்: ஸ்பாஞ்சில் பட்டாணி அளவு எடுத்து, இருக்கிறதா இல்லையா என்று தெரியாத அளவுக்கு மெல்லியதாகத் தடவி, மங்கியதும் விரலால் ஒரு கோடு இழுத்துப் பார்த்து, சுத்தமாக வந்தால் துணியால் துடைத்துவிட வேண்டும். அப்பி வைத்தால் அதிக நாள் நிற்காது, துடைக்கத்தான் கை வலிக்கும். கறுப்பு பிளாஸ்டிக் பாகங்களில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், வெள்ளைத் திட்டு போகவே போகாது. மழைத் தண்ணீர் முத்து முத்தாக நிற்பது நின்று தட்டையாகப் பரவ ஆரம்பித்தால் அடுத்த தடவை போடும் நேரம் வந்துவிட்டது.

புது வண்டிக்கு முதல் நாளே போடலாம், கம்பெனிப் பெயிண்ட் 140 டிகிரி அளவில் சூடாக்கி இறுக வைத்தது. ஆனால் இடிபட்டு வெளியே பெயிண்ட் அடித்த பேனலுக்குக் குறைந்தது ஒரு மாதம் காற்று பட விடுங்கள்.

ஷோரூமில் 'டெஃப்ளான் கோட்டிங்' என்று சில ஆயிரம் கேட்பார்கள். தோசைக்கல்லில் அந்தப் பொருளை ஒட்டவைக்க 300 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும், கார்மேல் அப்படிச் செய்ய முடியாது. அங்கே நடப்பது கொஞ்சம் விலை கூடிய பாலிஷ், அவ்வளவுதான். செராமிக் கோட்டிங் நிஜமான சரக்கு. சிலிக்கா கலந்த திரவம் பெயிண்டோடு ஒட்டி இறுகிக் கண்ணாடி மாதிரிப் படலமாகிறது, அழுக்கு சீக்கிரம் விடும், சில வருடம் நிற்கும். '9எச், கீறலே விழாது' என்று சொன்னால் நம்பாதீர்கள். அது பென்சில் வைத்துச் சோதிக்கும் அளவு, மணலுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. செராமிக் போட்ட வண்டியிலும் காலைத் துடைப்பு தொடர்ந்தால் அதே வட்டக் கோடுகள்தான் வரும், இந்த முறை இருபது முப்பதாயிரம் செலவழித்த கோட்டிங் மேல். கல் தெறித்து அடிபடுவதற்கும் கீறலுக்கும் உண்மையில் தடுப்பு பிபிஎஃப் என்கிற ஃபிலிம். 150 முதல் 200 மைக்ரான் தடிமனான பாலியூரிதேன், சின்னக் கீறல் வெயில் சூட்டில் தானே மறையும். முழு வண்டிக்கு ஒட்டினால் ஒரு சின்ன பைக் விலை ஆகும், அதனால் ஹைவே ஓட்டம் அதிகம் உள்ளவர்கள் முன்பம்பர், பானெட்டின் முன்பகுதி, கதவுக் கைப்பிடிக் குழி இவற்றுக்கு மட்டும் ஒட்டலாம். கைப்பிடிக் குழியில் மோதிரமும் நகமும் போடுகிற கோடுகளை டார்ச் அடித்துப் பார்த்தால் ஏன் சொல்கிறேன் என்று தெரியும்.

கார் கவர் விஷயம்: கூரை இருக்கும் இடத்தில், சுத்தமான வண்டிமேல் போட்டால் நல்லது. தெருவோரம் தூசி படிந்த வண்டிமேல் போட்டால் காற்று அதை நாள் முழுக்கத் தேய்த்துக்கொண்டிருக்கும். ஈர வண்டிமேல் போட்டால் புழுங்கும். நீலத் தார்ப்பாய் எப்போதுமே வேண்டாம்.

கீறல் விழுந்துவிட்டால்

நகத்தை வைத்து இழுங்கள். மாட்டவில்லை என்றால் அது கிளியர் கோட்டோடு நின்ற கீறல், பாலிஷில் போகும் அல்லது அப்படியே விட்டுவிடலாம். பற்பசை தேய்த்தால் போகும் என்பார்கள், அதுவும் ஒருவகைத் தேய்ப்புதான், கீறல் இருந்த இடத்தில் மங்கலான வட்டம் வரும். நகம் மாட்டினால் ஆழம். தகடு தெரிகிறது என்றால், முக்கியமாக திருவான்மியூர், தூத்துக்குடி, நாகை மாதிரி உப்புக்காற்று ஊரில், ஒரு மழைக்குள் துரு ஆரம்பித்துவிடும். டிரைவர் கதவைத் திறந்தால் தூணிலோ, பானெட்டுக்கு அடியிலோ ஒரு ஸ்டிக்கரில் பெயிண்டின் கலர் குறியீடு இருக்கும். அதைச் சொல்லி டச்-அப் பாட்டில் வாங்குங்கள், மூடியில் வரும் பிரஷ் தடியாக இருக்கும், அதை விட்டுவிட்டுப் பல்குத்தும் குச்சியின் முனையில் ஒரு சொட்டு எடுத்து குழிக்குள் மட்டும் வையுங்கள். காய்ந்தால் கீழே இறங்கும், அதனால் ஒரு மணி நேரம் விட்டு இன்னொரு சொட்டு, தேவைப்பட்டால் மூன்றாவது. கிட்டே வந்து பார்த்தால் புள்ளி தெரியத்தான் செய்யும், துரு மட்டும் வராது.